வல்லரசின் வெளிநாட்டுக் கொள்கையில் கருத்தியலுக்கு எவ்வளவு பங்கு? திருகோணமலையை வைத்து விளக்க முடியுமா?

உவர்மலை கேட்டது:

உயர்தர அரசறிவியல் வகுப்பில் "வல்லரசுகளின் வெளிநாட்டுக் கொள்கையும் கருத்தியலும்" என்ற பகுதிக்கு இரண்டு பாடவேளைதான் உண்டு. மொத்தம் 80 நிமிடம். பிள்ளைகள் வழமையாக இரண்டில் ஒரு விடையை எழுதுகிறார்கள். ஒரு பகுதியினர், "பனிப்போர் முதலாளித்துவத்துக்கும் கம்யூனிசத்துக்கும் நடந்த சண்டை, ஆகவே எல்லாம் கருத்தியல்" என்கிறார்கள். மற்றவர்கள், "கருத்தியல் வெறும் போர்வை, உள்ளே இருப்பது நலன்" என்கிறார்கள். எந்தச் சம்பவத்தைக் கொடுத்தாலும் இரண்டு விடையும் பொருந்திவிடும். அதுதான் பிரச்சினையே. எல்லாவற்றுக்கும் பொருந்துகிற விடை ஒன்றையும் விளக்காது.

வியட்நாம், கியூபா, ஆப்கானிஸ்தான் எல்லாம் படித்துவிட்டார்கள். துறைமுகத்தைத் தினமும் பார்த்துக்கொண்டு பாடசாலைக்கு வரும் பிள்ளைகளுக்கு இங்கிருந்தே உதாரணம் கொடுத்தால் நல்லது. கருத்தியல்தான் முடிவை மாற்றியது என்று காட்டக்கூடிய ஒரு சம்பவமும், அப்படி இல்லை என்று காட்டக்கூடிய ஒரு சம்பவமும் வேண்டும். இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது என்ற வழியையும் சொல்லுங்கோ. வல்லரசு எதுவாக இருந்தாலும் பரவாயில்லை.

சீனக்குடா 99:

ரீச்சர், 1948 இலிருந்து தொடங்குங்கோ.

1947 நவம்பரில் இலங்கை பிரித்தானியாவோடு ஒரு பாதுகாப்பு உடன்படிக்கை செய்தது. அதன்படி சுதந்திரத்துக்குப் பிறகும் திருகோணமலைக் கடற்படைத் தளமும் கட்டுநாயக்க விமானத் தளமும் பிரித்தானியர் கையிலேயே இருந்தன. அடுத்த ஆண்டு இலங்கை ஐ.நா. உறுப்புரிமைக்கு விண்ணப்பித்தது. 1948 ஓகஸ்ட் 18 அன்று பாதுகாப்புச் சபையில் வாக்கெடுப்பு. அப்போது சபையில் 11 நாடுகள். ஒன்பது ஆதரவு. எதிர்த்தவை சோவியத் ஒன்றியமும் உக்ரேனும். சோவியத்தின் எதிர்வாக்கு வீட்டோ ஆனதால் விண்ணப்பம் விழுந்தது. இலங்கை உண்மையில் இறைமையுள்ள நாடுதானா என்று தீர்மானிக்கப் போதிய தகவல் இல்லை என்பது மொஸ்கோ சொன்ன காரணம். 1949 செப்டெம்பரிலும் அதே முடிவு.

முதல் வாக்கெடுப்புக்கு ஏறக்குறைய ஓர் ஆண்டு முன்புதான், 1947 செப்டெம்பரில், ஐரோப்பியக் கம்யூனிஸ்ட் கட்சிகளின் கூட்டமைப்பான கொமின்போர்மின் முதற் கூட்டத்தில் சோவியத் தலைவர்களில் ஒருவரான ஸ்தானோவ் தன் "இரண்டு முகாம்" உரையை நிகழ்த்தினார். உலகம் ஏகாதிபத்திய முகாம், அதற்கு எதிரான முகாம் என்று இரண்டாகப் பிரிந்துவிட்டது என்பது அதன் சாரம். அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால், பிரித்தானியக் கடற்படைக்கு இடம் கொடுத்துக்கொண்டு "நான் சுதந்திர நாடு" என்று வருகிற டொமினியன் (பிரித்தானிய முடியின் கீழ் உள்ள சுயாட்சி நாடு) பொம்மை அரசாகத்தான் தெரியும்.

1953 இல் ஸ்டாலின் இறந்தார். 1956 பெப்ரவரியில் 20 ஆவது கட்சிக் காங்கிரஸில் குருஷ்சேவ் ஆசிய, ஆபிரிக்க நாடுகளையும் சேர்த்து "சமாதான வலயம்" என்று பேசினார். அதற்கு இரண்டு மாதம் முன்பே, 1955 டிசம்பர் 14 அன்று, இலங்கை ஐ.நா. உறுப்பினராகிவிட்டது. மொஸ்கோ மறிக்கவில்லை.

இனித்தான் பிள்ளைகளிடம் கேள்வியைப் போட வேண்டும். 1955 இல் பிரித்தானியத் தளம் எங்கே இருந்தது? இங்கேதான். அது கைமாறியது 1957 ஒக்டோபர் 15. 1948 இல் காட்டிய காரணம் 1955 இலும் அப்படியே இருந்தது. துறைமுகம் மாறவில்லை, பார்த்த கண் மாறியது.

கந்தளாய் வாசகன்:

அண்ணை, கதை நல்லாயிருக்கு. சோதனையாக எடுத்தால் தாங்காது. இரண்டு ஓட்டை.

முதலாவது பர்மா. 1948 ஜனவரியில் சுதந்திரம், ஏப்ரல் 19 ஐ.நா. உறுப்புரிமை. வீட்டோ இல்லை. ஸ்தானோவின் உரை அதற்கு ஏழு மாதம் முந்தியது. புதிதாகச் சுதந்திரம் பெற்றவர்கள் எல்லாம் ஏகாதிபத்தியத்தின் கையாட்கள் என்பதுதான் விதி என்றால் பர்மாவையும் மறித்திருக்க வேண்டும். பர்மா பொதுநலவாயத்தில் சேரவில்லை, இலங்கை உள்ளே இருந்தது என்று நீங்கள் சொல்லலாம். அப்படியானால் 1947 செப்டெம்பர் 30 இல் பாகிஸ்தான் உள்ளே போனது எப்படி? அதுவும் டொமினியன்தானே.

இரண்டாவது, 1955 இல் இலங்கை தனியே போகவில்லை. ஒரே நாளில் 16 நாடுகள். அல்பேனியா, பல்கேரியா, ஹங்கேரி, ருமேனியா ஆகிய நான்கும் மொஸ்கோவின் ஆட்கள். இத்தாலி, ஸ்பெயின், போர்த்துக்கல், அயர்லாந்து எல்லாம் மற்றப் பக்கம். "என்ரை நாலு பேரை விடு, உன்ரை ஆட்களை விடுகிறேன்" என்ற பேரம். இந்தப் பேரத்தை மொஸ்கோ ஸ்டாலின் காலத்திலேயே, 1949 இலேயே முன்வைத்தது. அப்போது மேற்கு நாடுகள் ஏற்கவில்லை. பேரத்தின் கடைசிக் கட்டத்தில்கூட தாய்வான் மங்கோலியாவை வெட்ட, சோவியத் ஜப்பானை வெட்டியது. இதில் கருத்தியல் எங்கே? இலங்கை அந்தச் சந்தையில் ஒரு சில்லறைக் காசு.

சீனக்குடா 99:

பேரம் 1949 இலேயே இருந்தது என்பது என் வாதத்தின் காலைத்தான் வாருகிறது. ஒப்புக்கொள்கிறேன். வீட்டோவைக் கருத்தியலின் சான்றாக எழுத வேண்டாம், ரீச்சர். ஆனால் வகுப்பில் விடாதேயுங்கோ, வேறொரு விடயத்துக்கு அது உதவும். பேரம்பேச நினைத்தவன் எந்தச் சாட்டையும் சொல்லியிருக்கலாம். "இறைமை இல்லை, தளம் இருக்கிறது" என்ற சாட்டைத் தெரிவுசெய்ததுதான் கருத்தியலின் வேலை. காரணம் வேறு, காரணத்தைச் சொல்ல எடுத்த மொழி வேறு. பிள்ளைகள் இந்த இரண்டையும் கலந்துவிடுகிறார்கள்.

கருத்தியல் உண்மையிலேயே முடிவை ஆட்டுவதைப் பார்க்க வேண்டுமானால் உரைகளில் தேடக்கூடாது, சட்டப் புத்தகத்தில் தேட வேண்டும். அமெரிக்கச் சட்டங்களைப் பற்றிக் கிண்ணியா நானா சொன்னால் நல்லது.

கிண்ணியா:

சரி, சொல்றன். ஒரு நம்பிக்கை எப்போது கொள்கையாகிறது என்றால், அது அதிகாரிக்குத் தெரிவு இல்லாமல் செய்யும்போது. உரையை அடுத்த நாள் மாற்றலாம், சட்டத்தை மாற்ற வாக்கு வேண்டும். இலங்கை அப்படி உறைந்துபோன நம்பிக்கைகளில் மூன்று முறை முட்டியது.

முதல் முறை 1952. கொரிய யுத்தத்தால் ஏறிய றப்பர் விலை விழுந்துவிட்டது, அரிசி விலை ஏறிக்கொண்டிருந்தது. டட்லி சேனநாயக்கவின் ஐ.தே.க. (ஐக்கிய தேசியக் கட்சி) அரசாங்கம், கம்யூனிச எதிர்ப்பு அரசாங்கம், வர்த்தக அமைச்சர் ஆர்.ஜி. சேனநாயக்கவைப் பீக்கிங்குக்கு (இன்றைய பெய்ஜிங்) அனுப்பி டிசம்பரில் ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்தது. ஆண்டுக்கு 50,000 தொன் றப்பர் போக, 270,000 தொன் அரிசி வரும். றப்பருக்குச் சீனா சந்தை விலையைவிடக் கூட்டிக் கொடுத்தது. அமெரிக்காவில் 1951 இல் நிறைவேறிய பற்றில் சட்டம் (Battle Act), மூலோபாயப் பொருட்களைக் கம்யூனிச நாடுகளுக்கு விற்கிறவனுக்கு உதவி இல்லை என்று சொன்னது. றப்பர் அந்தப் பட்டியலில். இலங்கைக்கு அமெரிக்கப் பொருளாதார உதவியின் கதவு 1956 வரை திறக்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சீனாவுக்கு மூலோபாயப் பொருட்கள் அனுப்பக்கூடாது என்று ஐ.நா. பொதுச்சபை 1951 மே மாதம் தீர்மானம் எடுத்தபோது இலங்கை அங்கே உறுப்பினராக இல்லை. சோவியத் வீட்டோ அதை வெளியே நிறுத்தியிருந்தது. மொஸ்கோ வெளியே தள்ளிய நாடு, உள்ளே இருந்தவர்களின் கூச்சம் இல்லாமல் பீக்கிங்குக்கு றப்பர் விற்றது.

ஆனால் 1952 ஐ மட்டும் வைத்துக் கருத்தியல் என்று தீர்ப்பு எழுத வேண்டாம். அந்த மாதம் சீனப் படை கொரியாவில் அமெரிக்கப் படையைச் சுட்டுக்கொண்டிருந்தது. றப்பர் இல்லாமல் லொறிக்கு டயர் இல்லை. நலனும் கருத்தியலும் ஒரே பக்கம் இழுக்கும்போது எது இழுத்தது என்று எப்படிச் சொல்வது? பார்க்க வேண்டியது 1953 ஜூலை 27 க்குப் பிறகு. போர் நிறுத்தம் வந்துவிட்டது, ஆனால் கதவு இன்னும் இரண்டரை ஆண்டுக்கு மேல் மூடியே கிடந்தது. இடையில் கொழும்பில் பிரதமராக இருந்தவர் சேர் ஜோன் கொத்தலாவல. 1955 இல் பாண்டுங்கில் நடந்த ஆசிய - ஆபிரிக்க மாநாட்டில் கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் நடத்துவதும் காலனித்துவம்தான் என்று பேசி நேருவைச் சங்கடப்படுத்தியவர். வொஷிங்டனுக்கு அவரைவிட நல்ல நண்பர் இந்தப் பிராந்தியத்தில் கிடைத்திருக்க மாட்டார். உதவி கிடைக்கத் தொடங்கிய 1956 இல் அவர் தேர்தலில் தோற்று, பண்டாரநாயக்க வந்திருந்தார்.

இரண்டாம் முறை 1963. சிறிமாவோ அரசாங்கம் 1961 இல் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தைச் சட்டமாக்கி, 1962 இல் ஷெல், எஸ்ஸோ, கல்டெக்ஸ் கம்பனிகளின் விநியோக நிலையங்களில் ஒரு பகுதியை எடுத்தது. மலிவான சோவியத் எண்ணெயை இறக்கியது. அதே 1962 ஓகஸ்ட்டில் அமெரிக்க வெளிநாட்டு உதவிச் சட்டத்தில் ஹிக்கன்லூப்பர் திருத்தம் சேர்க்கப்பட்டது. அமெரிக்கச் சொத்தை எடுத்த நாடு ஆறு மாதத்துக்குள் நட்டஈட்டுக்குரிய நடவடிக்கை எடுக்காவிட்டால் ஜனாதிபதி உதவியை நிறுத்தியே ஆகவேண்டும். திருத்தத்தைத் தூண்டியது பிரேசில் நாட்டில் ஒரு தொலைபேசிக் கம்பனியை எடுத்த சம்பவம். கென்னடி நிர்வாகத்துக்கு இந்தக் கட்டாயம் பிடிக்கவில்லை, கொங்கிரஸ் கேட்கவில்லை. ஓகஸ்ட்டிலிருந்து ஆறு மாதம் எண்ணிப் பாருங்கோ. 1963 பெப்ரவரியில் இலங்கைக்கு உதவி நின்றது. அந்தத் திருத்தத்தின் கீழ் உதவி இழந்த முதல் நாடு நாங்கள்தான்.

விளைவு நினைத்ததற்கு நேரெதிர். 1964 ஜனவரி 1 முதல் எண்ணெய் இறக்குமதியும் விநியோகமும் முழுவதும் கூட்டுத்தாபனத்துக்குப் போய்விட்டது. பாதியை எடுத்ததற்குத் தண்டித்தார்கள், மீதியையும் எடுத்தார்கள். நட்டஈட்டு உடன்பாடும் உதவியும் திரும்பியது 1965 இல், டட்லி மீண்டும் வந்தபின்.

மூன்றாவதைச் சுருக்கமாகச் சொல்றன். 1964 இல் கிழக்கு ஜேர்மனி கொழும்பில் துணைத்தூதரகம் திறக்க இடம் கொடுத்ததற்கு, மேற்கு ஜேர்மனி, கிழக்கு ஜேர்மனியை அங்கீகரிக்கும் நாட்டோடு உறவு இல்லை என்ற ஹால்ஸ்டைன் கோட்பாட்டைக் காட்டி உதவியை வெட்டியது. அங்கே வில்லி பிராண்ட் 1969 இல் ஆட்சிக்கு வந்தபின் அந்தக் கோட்பாடே கரைந்துவிட்டது. அதே நாடு, அதே எல்லை, அதே சோவியத் படை பக்கத்தில். ஆட்சியிலிருந்தவர்களின் நோக்கு மட்டும் வேறு.

உவர்மலை:

நன்றி நானா. ஒரு சந்தேகம். ஹிக்கன்லூப்பர் திருத்தத்தைக் கருத்தியல் என்று சொன்னால் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று எழும்பி, "அது எண்ணெய்க் கம்பனிகளின் இலாபம், ஆகவே நலன்தானே?" என்று கேட்கும். என்ன பதில் சொல்வது?

கிண்ணியா:

அந்தப் பிள்ளைக்குப் பெருவைக் கொடுங்கோ.

1968 ஒக்டோபரில் பெருவில் ஜெனரல் வெலாஸ்கோ இராணுவப் புரட்சி செய்த சில நாளிலேயே இன்டர்நெஷனல் பெற்றோலியம் கம்பனியின் எண்ணெய் வயல்களைப் படை அனுப்பி எடுத்தார். அது நியூ ஜேர்சி ஸ்டாண்டர்ட் ஒயிலின் கிளை. இலங்கையில் எஸ்ஸோவும் அதே தாய்க் கம்பனியின் பிள்ளை. சட்டமும் அதே சட்டம். ஆறு மாதக் கெடு 1969 ஏப்ரலில் முடிந்தது. நிக்ஸன் என்ன செய்தார்? ஒரு தூதரை லீமாவுக்கு அனுப்பி, பேச்சுவார்த்தை நடப்பதே "பொருத்தமான நடவடிக்கை" என்று வியாக்கியானம் செய்து, திருத்தத்தைப் பாவிக்காமல் தள்ளிப்போட்டார்.

கம்பனியின் இலாபம்தான் தீர்மானித்தது என்றால், பெருவில் இழப்பு இலங்கையைவிடப் பன்மடங்கு பெரியது, அங்கேதான் முதலில் அடி விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. பெருவில் அமெரிக்கர்களுக்குச் சுரங்கங்கள் முதல் வேறு முதலீடுகள் நிறைய, தென்னமெரிக்கா முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. அதனால் சட்டத்தை வளைக்க ஆள் இருந்தது. இலங்கைக்காக அந்தச் சட்டத்தை வளைத்துத் தன் அரசியலைக் கெடுத்துக்கொள்ள வொஷிங்டனில் ஒருவருக்கும் தேவை வரவில்லை. சட்டம் தன்பாட்டில் ஓடி முடித்தது. தனியார் சொத்து புனிதமானது என்ற நம்பிக்கை கலப்பில்லாமல் வேலை செய்தது இங்கேதான். காரணம், இங்கே அவர்களுக்கு இழக்க அதிகம் இருக்கவில்லை.

ஆகவே சோதனை இப்படி: ஒரே சட்டம், ஒரே கம்பனிக் குடும்பம், இரண்டு நாடு, இரண்டு முடிவு. கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் ஐந்து நிமிடத்தில் விளங்கும்.

கொட்டியாரம்:

எல்லாரும் மொஸ்கோவுக்கும் வொஷிங்டனுக்கும் போய்விட்டீர்கள். பக்கத்து வல்லரசை விட்டுவிட்டுத் திருகோணமலையைப் பேச முடியாது.

1987 ஜூலை 29 இலங்கை - இந்திய உடன்படிக்கையோடு ராஜீவ் காந்தியும் ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தனவும் பரிமாறிய கடிதங்களைப் பிள்ளைகள் வாசிப்பதில்லை. உடன்படிக்கை என்றால் மாகாணசபை என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். கடிதங்களில்தான் விடயம் இருக்கிறது. திருகோணமலையோ வேறெந்தத் துறைமுகமோ இந்தியாவின் நலனுக்குப் பாதகமாக எந்த நாட்டின் இராணுவப் பாவனைக்கும் விடப்படாது. திருகோணமலைச் சீனக்குடாவில் உள்ள எண்ணெய்க் குதங்களை (சேமிப்புத் தாங்கிகளை) திருத்தி இயக்குவது இரு நாட்டின் கூட்டு முயற்சியாக நடக்கும். வெளிநாட்டு ஒலிபரப்பு நிறுவனங்களோடு செய்த உடன்பாடுகள் மீளாய்வு செய்யப்படும். மூன்றாவது யாரைக் குறித்தது என்பது அன்று எல்லாருக்கும் தெரியும்: அமெரிக்க அரசின் வானொலியான வொய்ஸ் ஒப் அமெரிக்கா.

இதில் எது நிலைத்தது, எது உதிர்ந்தது என்று பாருங்கோ. குதங்கள் நிலைத்தன. 1987 இல் தில்லியில் காங்கிரஸ் ஆட்சி. 2003 இல் லங்கா ஐ.ஓ.சி. (இந்திய எண்ணெய்க் கூட்டுத்தாபனத்தின் இலங்கைக் கிளை) உள்ளே வந்தபோது வாஜ்பாயின் பா.ஜ.க. கூட்டணி. 2022 ஜனவரி உடன்பாட்டின்போது மோடி. பொருளாதாரக் கொள்கை, மதம் பற்றிய பார்வை, அணிசேராமை பற்றிய பார்வை எல்லாவற்றிலும் ஒன்றுக்கொன்று முரணான ஆட்சிகள். சீனக்குடாக் குதங்களை மட்டும் ஒருவரும் விடவில்லை. 2022 கணக்கு இது: 99 குதங்களில் 14 லங்கா ஐ.ஓ.சி.க்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மிச்சம் 61 கூட்டுக் கம்பனிக்கு. அதில் கூட்டுத்தாபனம் 51 வீதம், ஐ.ஓ.சி. 49 வீதம். இலங்கைப் பக்கத்தையும் பாருங்கோ. 1987 உடன்படிக்கையை ஆயுதம் எடுத்து எதிர்த்த கட்சி ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி). அதே கட்சி தலைமை தாங்கும் அரசாங்கம்தான் 2025 ஏப்ரல் 5 அன்று திருகோணமலையை எரிசக்தி மையமாக்க இந்தியாவோடும் ஐக்கிய அரபு அமீரகத்தோடும் கையெழுத்திட்டது. ரீச்சர் கேட்ட "கருத்தியல் இல்லை" என்ற உதாரணம் இதுதான்.

உதிர்ந்தது எது? "பாதகமான நாடு" யார் என்ற விளக்கம். 1971 இல் சோவியத்தோடு நட்புறவு ஒப்பந்தம் செய்துகொண்ட இந்தியாவுக்கு, 1980களில் திருகோணமலைக்கு அமெரிக்கக் கப்பல் ஓய்வுக்கு வந்தாலும் நெஞ்சிடி. இன்று அமெரிக்கப் போர்க்கப்பல்கள் இதே துறைமுகத்துக்கு வந்து எங்கள் கடற்படையோடு பயிற்சி செய்துவிட்டுப் போகின்றன, தில்லியில் சத்தம் இல்லை. 2016 இல் அமெரிக்காவோடு தளவாட வசதிகளைப் பகிரும் உடன்பாட்டை இந்தியாவே செய்துவிட்டது. ஆனால் 2022 ஓகஸ்ட்டில் சீனக் கண்காணிப்புக் கப்பல் யுவான் வாங் 5 அம்பாந்தோட்டைக்கு வந்தபோது எழும்பிய சத்தம் தெரியும்தானே. 1987 கடிதத்தில் ஒரு சொல்லும் மாறவில்லை. "எந்த நாடும்" என்ற இடத்தில் தில்லி வாசிக்கிற பெயர் மாறிவிட்டது.

இதில் நலன் எவ்வளவு, கருத்தியல் எவ்வளவு என்று பிரித்தால், துறைமுகம் முக்கியம் என்று சொல்வது வரைபடம். ஆர் பகைவன் என்று சொல்வதில்தான் ஆட்சியாளரின் உலகப்பார்வை நுழைகிறது. அங்கும் முழுவதும் அல்ல. சீனாவோடு நடந்த 1962 யுத்தமும் இமயமலை எல்லையும் கருத்தியல் அல்லவே.

கந்தளாய் வாசகன்:

ஐயா சொன்ன கடைசி வரிக்கு நன்றி. அதை விட்டிருந்தால் நான் பிடித்திருப்பேன்.

ரீச்சர் கேட்ட வழிமுறைக்கு வருகிறேன்.

முடிவை ஒரு வரியில் எழுத வைக்க வேண்டும்: ஆர், எந்தத் திகதியில், எந்தக் கருவியால். "அமெரிக்கா இலங்கையை நெருக்கியது" என்பது முடிவு அல்ல. "1963 பெப்ரவரியில், வெளிநாட்டு உதவிச் சட்டத் திருத்தத்தின் கீழ், அமெரிக்க நிர்வாகம் உதவியை நிறுத்தியது" என்பது முடிவு. பாதிக் குழப்பம் இந்த வரியிலேயே தீரும்.

பிறகு, அதே நலன் உள்ள ஆனால் அந்தக் கருத்தியல் இல்லாத ஓர் அரசு என்ன செய்திருக்கும் என்று எழுத வேண்டும். விடை ஒன்றாகவே வந்தால் அந்தச் சம்பவம் சோதனைக்கு உதவாது, தூக்கிப் போடுங்கோ. கொரிய யுத்தம் நடந்துகொண்டிருந்த 1952 அப்படித்தான் விழுகிறது. 1963 தப்புகிறது. ஏனென்றால் இலங்கையை மொஸ்கோவின் எண்ணெய்க்குள் தள்ளாமல் வைத்திருப்பதுதான் அமெரிக்க நலன். சட்டம் அதற்கு எதிர்ப்பக்கம் இழுத்தது.

அதற்கடுத்து ஒன்று மாற மற்றது மாறாமல் நின்ற இடத்தைத் தேட வேண்டும். ஆட்சி மாறியும் கொள்கை மாறாவிட்டால் நலன், குதங்கள் போல. வரைபடம் மாறாமல் கொள்கை மாறினால் கருத்தியலைச் சந்தேகிக்கலாம், மேற்கு ஜேர்மனியில் பிராண்ட் வந்தது போல. சந்தேகிக்கலாம் என்றுதான் சொல்கிறேன். ஐ.நா. விவகாரத்தில் அண்ணைக்கு நடந்தது என்ன? இரண்டு திகதிகளை மட்டும் எடுத்தார், நடுவில் 1949 இல் இருந்த பேரம் தப்பிவிட்டது. ஆகக் குறைந்தது மூன்று திகதியாவது இல்லாமல் ஒப்பிடக்கூடாது. பக்கத்தில் ஒரு பர்மாவோ பெருவோ இல்லாமலும் ஒப்பிடக்கூடாது.

கடைசியாக, மேடைப் பேச்சையும் அறைக்குள் எழுதிய குறிப்பையும் ஒப்பிட வேண்டும். அமெரிக்க வெளியுறவுத் திணைக்களம் தன் பழைய தந்திகளையும் குறிப்புகளையும் தொகுதி தொகுதியாக இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது, 1950களின் தெற்காசியத் தொகுதிகளில் இலங்கைக்குத் தனிப் பகுதியே உண்டு. மூடிய அறையிலும் அதே கருத்தியல் மொழியில்தான் வாதாடுகிறார்கள் என்றால் அது போர்வை அல்ல. அறைக்குள் விலை, தொன், வாக்கு என்று பேசிவிட்டு வெளியே சுதந்திரம் என்று பேசினால் போர்வை. இதில் ஒரு பொறி: அறைக்குள்ளும் அதிகாரி தன் மேலதிகாரிக்குப் பிடித்த மொழியில்தான் எழுதுவான். அதனால் ஒரே ஆளின் குறிப்போடு நிற்கக்கூடாது, அதை மறுத்து எழுதியவனின் குறிப்பையும் தேட வேண்டும்.

உவர்மலை:

80 நிமிடத்துக்கு இப்படிப் பிரித்தால் காணுமா? முதல் 15 நிமிடம் 1948 வீட்டோ, அண்ணையின் வாதத்தை மட்டும் சொல்லிப் பிள்ளைகளை நம்ப வைப்பது. அடுத்த 10 நிமிடம் பர்மாவையும் 16 நாட்டுப் பேரத்தையும் கொடுத்து அவர்களையே உடைக்க விடுவது. பிறகு 25 நிமிடம் இலங்கையும் பெருவும். மீதி 30 நிமிடம் கடிதமும் குதங்களும். 1952 ஐயும் ஜேர்மனியையும் வீட்டு வேலைக்கு விடலாம் என்று நினைக்கிறேன்.

கிண்ணியா:

காணும். 1952 ஐ வீட்டுக்கு விடும்போது ஒரு பிழையை முன்கூட்டியே தடுத்துவிடுங்கோ. றப்பர் - அரிசி ஒப்பந்தத்தைப் பண்டாரநாயக்கவின் இடதுசாரிச் சாய்வோடு சேர்த்து எழுதும் விடைத்தாள்கள் நிறைய வரும். 1952 இல் அவர் எதிர்க்கட்சித் தலைவர். ஒப்பந்தம் ஐ.தே.க.வினுடையது. சீனாவோடு தூதரக உறவு வந்ததுதான் அவருடைய காலம், 1957. இடையில் நாலு ஆண்டுக்கு மேல், தூதுவர் இல்லாமலே அரிசிக் கப்பல் வந்துகொண்டிருந்தது.

கொட்டியாரம்:

குதங்களிலும் ஒன்று. அவற்றை இந்தியா கட்டியது என்றும், ஜப்பானியக் குண்டுவீச்சுக்குப் பிறகு கட்டியது என்றும் எழுதுவார்கள். இரண்டும் பிழை. கட்டியவர்கள் பிரித்தானியர், இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்பே. 1942 ஏப்ரல் 9 தாக்குதல் நடந்தபோது அவை இருந்தன. கடிதங்களின் தமிழாக்கம் கொடுக்கும்போது "பாதகமாக" என்ற சொல்லின் கீழ் கோடு போட்டுக் கொடுங்கோ ரீச்சர். அந்தச் சொல்லை விட்டுவிட்டு, எந்த வெளிநாட்டுக் கப்பலும் இங்கே வரக்கூடாது என்று இந்தியா எழுதி வாங்கியதாகப் பிள்ளைகள் எழுதிவிடுகிறார்கள்.